கல்லை எடுத்தாச்சு

கயிறு விறைச்சுது, காரு ஒருதரம் முக்கிப்போட்டு மெல்ல நகந்துது, கலாமணி அதுவரைக்கும் அடக்கி வெச்சிருந்த மூச்சை உட்டா. அவ்வளவுதான், இனி ஒரு கவலையுமில்லை. சாவி ஆன்ல இருக்குது. அதை உருவிப்போட்டா ஸ்டேரிங் பூட்டிக்கும், அப்பறம் முன்னால இழுக்கற டிராக்டர் ஒரு பக்கம் போவும், நாம ஒரு பக்கம் போவோம். கியரு நியூட்ரல்ல இருக்குது. ஹேண்ட் பிரேக்கு எறக்கியாச்சு. நாலு மூலை இண்டிகேட்டரும் டிக்கு டிக்குனு அடிச்சுட்டிருக்குது. பின் சக்கரத்துக்கு அண்டக் குடுத்திருந்த கல்லை எடுத்தாச்சு, எடுத்து எல்லாரும் பண்ற மாதிரி ரோட்டுலயே போட்டுட்டு வராம, பக்கத்து சீட்டுக்குக் கீழ மிதியடி மேல பத்திரமா வெச்சாச்சு. வேற எந்தப் பொம்பளைக்கு இந்த நெனப்பு வரும், ஆம்பளைக்குத்தான் வருமா, அவ பாட்டுக்கு மனசுக்குள்ள தன்னைத் தட்டிக் குடுத்துட்டா. ஆனா காரு நின்ன எடத்துக்குப் பின்னால, முப்பது தப்படி தள்ளி, கருவேல முள்ளுக் கொப்பு மேல அவளே தூக்கி வெச்ச நாலு கல்லு தார் ரோட்டு மேலயே கெடந்துச்சு. வண்டி நின்னு போச்சு, ஒதுங்கிப் போங்கன்னு வர்றவங்களுக்குச் சொல்றதுக்கு வெச்ச கல்லு. அதைத் திரும்பிப் பாக்கோணும்னு அவளுக்குத் தோணவே இல்லை. அவ கண்ணு முச்சூடும் கயித்து மேல இருந்துச்சு. பதினஞ்சு அடிக் கயிறு, அதுக்கு நடுமத்தியில அவ கட்டி உட்ட செவப்பு உள்பாவாடை ஆடிக் காத்துல உப்பி உப்பி ஆடுது, தேர்க்கொடி கெட்டுது போ. கயிறு இருக்குதுன்னு தெரியாம டிராக்டருக்கும் காருக்கும் நடுவுல பூர்றதுக்குன்னே நாலு பேரு வருவாங்க, செவப்பா ஏதாச்சும் கட்டோணும்னு அவதான் சொன்னா. காருக்குள்ள செவப்புத் துணின்னு இருந்தது அந்தப் பாவாடை ஒண்ணுதான். அந்தப் பாவாடைக்காகத்தான் இன்னைக்கு இந்தப் பயணமே. போன வாரம் தாராபுரத்துல எடுத்த செங்கல் நெறச் சேலைக்கு, அந்தக் கடைக்காரப் புள்ளை இதுதாங்க்கா மேட்சுன்னு அடிச்சுச் சொல்லிக் குடுத்தது, ஊட்டுக்கு வந்து வெயில்ல வெச்சுப் பாத்தா சேலை ஒரு செவப்பு, பாவாடை ஒரு செவப்பு. மாத்திட்டு வந்தர்லாம்னு மூணரை மணிக்குக் கெளம்பினா. இனி எங்க மாத்தறது, நடுவுல முடிச்சுப் போட்டு, கிரீசும் புழுதியும் அப்பி, அந்தப் புள்ளை கையில குடுத்தா, ஏனுங்க்கா இதை எங்க கட்டீட்டுப் போனீங்கன்னு கேக்குமே. கயித்துல கட்டீட்டுப் போனேங்கண்ணுன்னு சொல்லோணும்.

நின்னு போனதும் ஒரேயடியா நிக்கலை, அதையும் சொல்லோணும். பத்துப் பன்னண்டு கிலோமீட்டர் வந்தப்பறம் சூட்டு முள்ளு கொஞ்சம் கொஞ்சமா ஏறுச்சு, கொழம்பு கொதி வர்றப்ப ஓரத்துல நொரை கட்டுமே, அப்படி. கலாமணி பதறலை. சட்டுனு பிரேக்கை மிதிக்கலை, இண்டிகேட்டரைப் போட்டு, ஓடற வேகத்துலயே எடது பக்கம் ஒதுக்கி, மண்ணுல எறக்குனா. முழுசா எறங்க முடியலை, அக்கட்டால பள்ளம், வலது பக்கத்து ரெண்டு சக்கரமும் தாருலதான் நின்னுச்சு. பானட்டைத் தெறந்தா ரேடியேட்டர்க் குழாய் பொளந்துட்டு ஆவி பொத்துட்டு வருது. மூடியைத் தெறக்கலை. அவளோட நங்கையா ஒருத்தி, அண்ணன் பொண்டாட்டி, பெரிய மனுசியாட்டம் சூட்டோட சூடா மூடியைத் திருகப் போயி, கொதிதண்ணி மூஞ்சியில அடிச்சு, ஒரு மாசம் கத்தாழைச் சாறு பூசிட்டு ஊட்டுக்குள்ளயே கெடந்தா, நெத்தியில இன்னைக்கும் தழும்பிருக்குது. அதனால மூடிகிட்டயே போகலை. டிக்கியைத் தெறந்தா. அதுக்குள்ள ஒரு முக்கோணம் இருக்குது, செவப்பா மின்னும், நடுரோட்டுல வண்டி நின்னா விரிச்சு வெக்கறது. திருப்பூர்ல இருக்கற மகன் வாங்கிக் குடுத்து மூணு வருசமாச்சு. பிளாஸ்டிக் உறை பிரிக்காம, பெட்டியோட, புத்தம் புதுசா இருக்குது. கையில எடுத்தா, பாத்தா, தூசி தொடச்சா, திருப்பி வெச்சா. எதுக்குப் பிரிச்சுக்கிட்டு, அழுக்காயிரும், அவனே ஆசையா வாங்கிக் குடுத்தது. சீட்டு உறையையே அவ இன்னும் கழட்டலை, வெயிலடிச்சா தொடையில ஒட்டிக்குது, இருந்தாலும் புதுசு புதுசுதானே. ரோட்டோரமா வேணுங்கற கல்லு கெடக்குது, வேணுங்கற முள்ளு கெடக்குது. காலங்காலமா எல்லாரும் வெக்கறதுதான். சக்கரத்துக்கு ஒண்ணு அண்டக் குடுத்தா, பின்னால நாலு தூக்கி வெச்சா, கொப்பு காத்துல பறந்தராம இருக்க கல்லை அது மேலயே வெச்சா, உள்ளங்கையில முள்ளு கிழிச்சுது, அப்பறம் ரோட்டை உட்டு எறங்கி வேலியோரமா தள்ளி நின்னு ஊட்டுக்காரருக்குப் போனைப் போட்டா. காருக்குள்ளயே உக்காந்திருக்கக் கூடாது, பின்னால வர்ற வண்டிக்காரன் தூங்கிட்டு வந்தான்னா தீந்துது. "ஏனுங்க, குழாய் பொளந்துக்கிச்சு"ன்னா. நாச்சிமுத்து எப்பவுமே கார் சமாச்சாரம்னா அவகிட்டயே உட்டுருவாரு, ஆனா தண்ணிக் குடமும் ஒரு ஆளும் எங்க வேணும்னாலும் கொண்டாருவாரு. "அங்கயே இரு அம்மிணி, கன்னுக்குட்டியைக் கட்டிப்போட்டு மொபெட்டுல வந்தர்றேன், எங்கயும் போயராதே"ன்னாரு. போனை வெச்சு ரெண்டு நிமிசங்கூட ஆவலை, எதுத்த தோட்டத்து இட்டேறித் தடத்துல இருந்து மாகாளி டிராக்டரோட வந்து நின்னான்.

மாகாளி அந்தப் பக்கத்துல உழவு ஓட்டறவன், முப்பத்தஞ்சு வயசிருக்கும், வாயி காது வரைக்கும். டிராக்டர் ரெண்டு மட்கார்டுலயும் ரெண்டு பொட்டி கட்டிப் பாட்டுப் போட்டுட்டே வர்றவன். "தாராபுரத்துக்குத்தானுங்க்கா போறேன், மெக்கானிக்கு வாசல்லயே கொண்டு போயி உட்டர்றேன், கட்டுங்க கயித்தை"ன்னு அவனே குதிச்சு, அவனே வடக்கயித்தை எடுத்து, நேரா போயி முன்னால பம்பர்ல சுத்துனான். "ஏங்கண்ணு, பம்பர்ல கட்டுனா பம்பர் மட்டும் உன்றகூட தாராபுரம் வரும், காரும் நானும் இங்கயே இருப்போம்"னா கலாமணி. அவன் சிரிச்சுட்டு, "அப்பறம் எங்கீங்க்கா கட்டறது, உங்க இடுப்புலயா"ன்னான். பெரியவங்கன்னு ஒரு இது இல்லாம. குனிஞ்சு பம்பருக்கு அடியில இருக்கற கொக்கியைக் காட்டிக் குடுத்தா. கயிறு குட்டையா இருந்தா நீ பிரேக் போட்டதும் உன்ற முதுகுல வந்து குத்துவேன், நீளமா இருந்தா வளைவுல ஆளை இழுத்து உட்ரும், பதினஞ்சடி உடு. இருபதுக்கு மேல போகாதே. எடுக்கறப்ப வெடுக்குனு எடுக்காதே. நான் ஒரு ஹாரன் அடிச்சா மெதுவாப் போ, ரெண்டு ஹாரன் அடிச்சா நில்லு. எல்லாத்துக்கும் சரிங்க்கா சரிங்க்கான்னான். அந்த அண்டக் கல்லை எடுத்துருங்க்கான்னும் அவன்தான் ஞாபகப்படுத்துனான். அவ எடுத்தா, ரோட்டுல போடாதேன்னு அவளுக்கு அவளே சொல்லிக்கிட்டு உள்ள வெச்சா, கதவைச் சாத்தினா. போலாம் ரைட்டுன்னா. அவன் ஏறி உக்காந்து வண்டியை எடுத்துப் பாட்டைச் சத்தமா வெச்சான்.

இப்ப ரெண்டு கிலோமீட்டர் வந்தாச்சு. இஞ்சின் ஓடாத காருக்குள்ள உக்காந்துட்டுப் போறது வேற மாதிரி இருக்குது, சொந்த ஊட்டுக்குள்ளயே ஒறம்பரையா, விருந்தாளியா வந்து உக்காந்த மாதிரி. சத்தமில்லை, ஏசி இல்லை, காத்து உள்ள பூந்து புழுதியைக் கொண்டாந்து பல்லுல ஒட்டுது. ஸ்டேரிங்கு ஆட்டுக்கல்லைத் திருப்பற மாதிரி கனம். பிரேக்கும் அப்படித்தான், இஞ்சின் ஓடுனாத்தான் அது லேசா இருக்கும், இப்ப ரெண்டு காலையும் வெச்சு மிதிக்கோணும். இதெல்லாம் டிரைவிங் ஸ்கூல்ல படிச்சது. நாப்பது வயசுல போய்ச் சேந்தா, கூடப் படிச்சதெல்லாம் காலேஜுப் புள்ளைங்க. அங்க சொல்லிக் குடுத்த அம்மா ஒரு மலையாளத்துக்காரி, பேரு லீலாம்மா. தப்புப் பண்ணா வையமாட்டா, தொடையில கிள்ளி வெப்பா. கட்டி இழுக்கற வண்டியில உக்காந்தவ சும்மா உக்காரக் கூடாது, முன்னால போறவனுக்கு இருக்கற பிரேக்கு நீதான், கயித்தைத் தொய்ய உடாதேன்னு சொல்லிச் சொல்லிக் கிள்ளுவா. தொஞ்ச கயிறு சக்கரத்துல சிக்கும், இல்லைன்னா வெடுக்குனு இழுத்து அந்துக்கும். கயிறு எப்பவும் துணி காயப்போடற கொடி மாதிரி விறைப்பா இருக்கோணும். அதுதான் இப்ப அவளுக்கு வேலை. எறக்கம் வந்தா லேசா மிதிக்கறது, ஏத்தம் வந்தா உட்டர்றது. பாவாடை தரையைத் தொடப் போனா மிதி, மேல எந்திரிச்சா உடு. பாவாடைதான் இப்ப அவளுக்கு மீட்டர். அங்க பாரு, சொன்னேனில்லை, பைக்குக்காரன் ஒருத்தன் தோட்டத்துத் தடத்துல இருந்து வந்து டிராக்டர் போயிருச்சுன்னு நெனச்சுக் குறுக்க பூர்றதுக்கு வந்தான், பாவாடையைப் பாத்ததும் காலை ஊணி நின்னுட்டான், வாயைப் பொளந்துட்டு அதையே பாக்கறான். பாருடா, நல்லாப் பாரு, உசுரு இருக்குதல்ல, அது போதும். சின்னச்சாமிக்கு இதெல்லாம் தெரியுமா. சின்னச்சாமி அவ கொழுந்தன். புதுக்கார் எடுத்துட்டு ஒட்டஞ்சத்திரத்துல சந்தைக்கிட்ட இருக்கற புள்ளையார் கோயல்ல பூசை போட்டான். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம், மாலை, சந்தனம், அய்யரு வந்து சூடம் காட்டியாச்சு. பூசணிக்காய் சுத்திப் போடறதுக்கு எறங்குனவன் கியரும் போடலை, ஹேண்ட் பிரேக்கும் போடலை. அந்தத் தடம் எறக்கம். கலாமணி அன்னைக்கே கேட்டா, ஏனுங் தம்பி, ஹேண்ட் பிரேக்குப் போட்டீங்களான்னு. அதெல்லாம் பழம் இருக்குதுங்க அண்ணின்னான். நாலு எலுமிச்சம்பழம் ஒரு காரைப் புடிச்சு நிறுத்துமா. நசுங்குச்சு, புளுச்சுன்னு சாறு தெறிச்சுது, காரு மாலையும் கழுத்துமா தன்னால எறங்கிப் போயி தக்காளிக் கூடையில ஏறி நின்னுச்சு. முப்பது கூடை. சாறும் சந்தனமும் செவப்புமா வழிஞ்சதைப் பாத்து அவ மாமியா, அய்யோ யாரோ செத்துப்போயிட்டாங்கன்னு ஒப்பாரியே ஆரம்பிச்சுட்டா. நிறுத்தற எடத்துல மூணு வேலை, கியரு, ஹேண்ட் பிரேக்கு, எறக்கம்னா சக்கரத்தைத் திருப்பி ஒரு கல்லு. கல்லு. டொக்குனு பக்கத்து சீட்டுக்கீழ அது உருண்டு கதவுல மோதுச்சு. கல்லை எடுத்தாச்சு, நல்லவேளை.

டொக்கு. திரும்பவும் உருளுது. காத்தாடி நெழலு வருது ரோட்டு மேல, பனைமரம் ஒசரத்துக்கு மூணு எறகு சுத்துதே, அதோட நெழலு வயக்காட்டு மேல ஓடி வந்து, ரோட்டைத் தாண்டி, காருக்குள்ள பூந்து, மடியில உழுந்து, அக்கட்ட போவுது. ஒவ்வொருக்கா வர்றப்பவும் கண்ணு தன்னால மூடுது. ஊட்டுக்காரருக்கு இது ஆகாது. கண்ணுல பொரை எடுத்து எட்டு மாசந்தான் ஆவுது, சாய்ஞ்ச வெயில் பட்டா ஒரே கூசலா இருக்குதும்பாரு. கல்லைப் பாத்தா அவளுக்கு அவரு காலு ஞாபகம் வராம இருக்காது. பன்னண்டு வருசமாச்சு. மூலனூர்ப் பிரிவுகிட்ட, பால் ஊத்திட்டுப் பொழுதோட வர்றாரு, எந்த ஊரு லாரியோ, டயர் வெடிச்சு நின்னு, சுத்தீலும் கல்லு வெச்சு, டயரை மாத்திட்டு, கல்லை எடுக்காமப் போயிட்டான். மொபெட் ஏறுச்சு, அவரு பறந்தாரு, பால் கேனு பறந்துது. தொடை எலும்பு ரெண்டா முறிஞ்சு உள்ள கம்பி வெச்சுத் தெச்சிருக்குது, அமாவாசைக்கு அமாவாசை கடுக்கும். அவரு இனி கார் ஓட்ட முடியாதுன்னுதான் இவ போய் ஓட்டப் படிச்சது. ஆஸ்பத்திரி வராண்டாவுல இருபத்திமூணு நாளு கெடந்தா. அந்த இருபத்திமூணு நாளும், அப்பறம் வந்த வருசமெல்லாம், மாரியம்மன் கோயல்ல கண்ணை மூடுனா மொதல்ல வர்றது வேண்டுதல் இல்லை, அந்தக் கல்லை வெச்ச கை வெளங்காமப் போகோணும் ஆத்தாங்கறதுதான். அவரும் அதையேதான் சொல்லுவாரு, வென்னி ஒத்தடம் குடுக்கறப்ப, பாட்டு மாதிரி. எடுக்கறதுக்கு எத்தனை நேரமாயிருக்கும் அவனுக்கு? வெக்கத் தெரிஞ்சுது, எடுக்கத் தெரியலையா? அதுக்குத்தான் அவ எடுத்தா. டொக்கு. ஆனா எதோ ஒண்ணு உறுத்துது. எதையோ உட்டுப்போட்டு வந்த மாதிரி. கேஸை அணைச்சேனா, அணைச்சேன், பாலை எறக்கி வெச்சுத்தானே அணைச்சேன். மோட்டார் போடவே இல்லை. பாவாடை பில்லு கைப்பையில இருக்குது, கைப்பை பின் சீட்டுல இருக்குது, போனும் அதுலதான் இருக்குது. போனு. அட, அவருக்குச் சொல்லவே இல்லையே, டிராக்டர் கெடைச்சுதுன்னு. அங்கயே இரு, எங்கயும் போயராதேன்னாரு. கெளம்பியிருப்பாரு. இந்நேரம் வந்துட்டே இருப்பாரு, தண்ணிக் குடத்தை முன்னால வெச்சுட்டு, வெள்ளைக்காரு எங்க நிக்குது எங்க நிக்குதுன்னு தூரத்துலயே பாத்துட்டு. தூரத்துல. கீழ பாக்கமாட்டாரு. பாத்தா என்ன, காரில்லைன்னா போனைப் போடுவாரு, இல்லை திரும்பிப் போவாரு, அதுல என்ன இருக்குது, ரோட்டுலதான் ஒண்ணுமில்லையே, கல்லை எடுத்தாச்சு. கல்லை. ஒரு கல்லை. டொக்கு. இது ஒண்ணு. அண்டக் குடுத்தது ஒண்ணு. முள்ளு கிழிச்ச உள்ளங்கை ஸ்டேரிங்குல பட்டு எரியுது. முள்ளு எங்க கிழிச்சுது. கொப்பை இழுத்துப் போட்டப்பக் கிழிச்சுது. எதுக்கு இழுத்துப் போட்டா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

இந்தக் காத்துக்கு அந்தக் கொப்பெல்லாம் நிக்குமா, பறந்து வேலிக்குப் போயிருக்கும், மொட்டைக் கல்லு நாலு தாரு நெறத்துலயே கெடக்கும். கண்ணாடியில பாத்தா. பின்னால ரோட்டைப் பாக்கறதுக்குத்தான் பாத்தா, தெரிஞ்சது அவ மூஞ்சி. பன்னண்டு வருசமா அந்த லாரிக்காரனுக்கு ஒரு மூஞ்சி இல்லாமயே இருந்துச்சு. மீசை வெச்சுப் பாத்திருக்கறா, குடிகாரக் கண்ணு வெச்சுப் பாத்திருக்கறா. நெத்தியில குங்குமம் வெச்சு, புழுதியப்பி, அம்பத்திரெண்டு வயசுல ஒரு பொம்பளை மூஞ்சின்னு அவ எங்க கண்டா. சரி, அழுது ஒண்ணும் ஆகப்போறதில்லை, கையில வேலை இருக்குது. ரெண்டு ஹாரன் அடிச்சா. டிராக்டர் இரைச்சலு, அதுக்கு மேல ரெண்டு பொட்டியிலயும் பாட்டு. திரும்பவும் ரெண்டு. மாகாளி திரும்பாமயே கையைத் தூக்கி, பாட்டுக்கு இவ தாளம் போடறான்னு நெனச்சானோ என்னமோ, ஜாலியா ஆட்டுனான். அட மூதேவி. லைட்டைப் போட்டுப் போட்டு அணைச்சா, அவனுக்குக் கண்ணாடி இருந்தாத்தானே. போனை எடுக்கலாம்னா ஒரு கையை எடுத்தா ஸ்டேரிங்கு நிக்காது, கயிறு சக்கரத்துக்குள்ள போயிரும். ரெண்டாவது, வண்டி ஓட்டறப்ப அவரு போனை எடுத்ததே இல்லை. அப்பப் பிரேக்குதான். வெடுக்குனு மிதிச்சா கயிறு அந்து பின்னால வந்து கண்ணாடியில அடிக்கும், லீலாம்மா தொடையில கிள்ளுனது இப்ப வலிக்குது. இப்ப எறக்கம், கயிறு தொஞ்சிருக்குது, இப்ப வேண்டாம். இரு, இரு கலாமணி. முன்னால ஏத்தம் வருது, அங்க டிராக்டர் முக்கும், கயிறு கம்பியா நிக்கும். எறக்கம் முடியற வரைக்கும் லேசா மிதிச்சுட்டே வந்தா. ஒரு நிமிசம் ஆச்சோ என்னமோ, அந்த ஒரு நிமிசத்துல அவரு எத்தனை தூரம் வந்திருப்பாரு, புளியமரத்தைத் தாண்டியிருப்பாரா, பாலத்தைத் தாண்டியிருப்பாரா. ஏத்தம் வந்துது. பாவாடை எந்திரிச்சுது. ரெண்டு காலையும் பிரேக்குல வெச்சு, சீட்டுல முதுகை ஊணி, மாவு பிசையற மாதிரி கொஞ்சங் கொஞ்சமா அழுத்துனா. உட்டா. அழுத்துனா. உட்டா. மூணாவது தடவை அழுத்துனப்ப டிராக்டர் தெணறி, பொகையைக் கக்குச்சு, மாகாளி என்னடா இது, மாடு பின்னால இழுக்குதுன்னு திரும்பிப் பாத்தான். கலாமணி ஜன்னல் வழியா கையை நீட்டி, நில்லுன்னா. பாட்டு நின்னுச்சு.

"என்னுங்க்கா, பிரேக்கு ஒட்டிக்கிச்சா?"

"என்ற புத்திதான் ஒட்டிக்கிச்சு. கல்லை எடுக்கலை தம்பி. பின்னால வெச்ச நாலு கல்லு."

"அட, அதாங்க்கா? எல்லாரும் அப்படித்தானுங்க போவாங்க. வர்றவன் பாத்துப் போவான், நீங்க வாங்க."

"வர்றவன் என்ற ஊட்டுக்காரருடா."

அவன் கயித்தை அவுக்க ஓடுனான். அவசரம்னாலும் கலாமணி வரிசை தப்பலை. கியரைப் போட்டா, ஹேண்ட் பிரேக்கை இழுத்தா, சக்கரத்தை மண்ணுப் பக்கமாத் திருப்புனா, மிதியடி மேல இருந்த கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அண்டக் குடுத்தா. டிக்கியைத் தெறந்து முக்கோணப் பெட்டியை எடுத்தா. உறை கையில கிழியலை, பல்லுல கடிச்சுக் கிழிச்சா, உறை காத்துல பறந்து போச்சு, போகட்டும். நாப்பது தப்படி பின்னால போயி விரிச்சு வெச்சா. வெயில் பட்டு அது என்னமா மின்னுது, மூணு வருசமா இருட்டுல கெடந்த சாமான். போனைப் போட்டா, மணி அடிக்குது, அடிக்குது, எடுக்கலை. மட்கார்டுல உக்காந்து போகக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ சேலையைத் தூக்கிச் சொருகிட்டு மட்கார்டுல ஏறுனா, ரெண்டு கையிலயும் கம்பியைப் புடிச்சா, "ஓட்டுடா கண்ணு"ன்னா.

மூணு கிலோமீட்டர். வந்த தடமே இப்ப வேற மாதிரி இருக்குது, ஏறுன ஏத்தம் எறக்கமா வருது, காத்தாடி நெழலு எதுக்க வருது. அந்த லாரிக்காரனும் எங்கயாச்சும் பாதித் தடத்துல கல்லை நெனச்சிருப்பானா. நெனச்சிருந்தா லோடு வண்டியை எங்க திருப்புவான். சே, இப்ப எதுக்கு அவன் நெனப்பு. ஆத்தா, நான் இத்தனை வருசமா கேட்டதை எதையும் நீ காதுல போட்டுக்கலைன்னே வெச்சுக்கறேன். கை வெளங்காமப் போகோணும்னு கேட்டேன்ல, அதை மறந்துரு. திரும்பி வாங்கிக்கறேன். இந்தக் கை எனக்கு வேணும், அவருக்கு ஒத்தடம் குடுக்கோணும், ஸ்டேரிங் புடிக்கோணும். வளைவு திரும்புச்சு. அந்த எடம். ரோட்டுல கல்லு இல்லை. கொப்பு இல்லை. மண்ணுல மொபெட் படுத்துக் கெடக்குது, சக்கரம் மேல பாத்துட்டு, குடம் பள்ளத்துல உருண்டு கெடக்குது, தண்ணி ஓடி மண்ணு கறுத்திருக்குது. ஆளு?

ஆளு வேலியோரம் உக்காந்திருந்தாரு, கல்லு மேல. நாலு கல்லையும் ரோட்டை உட்டு உருட்டியாந்து வரிசையா வெச்சு, பெருசா இருந்தது மேல உக்காந்து, முழங்கையை ஊதிட்டிருந்தாரு. வேட்டி ஓரம் கிழிஞ்சிருந்துது, முழங்கையில தோலு வழிச்சிருந்துது. கம்பி வெச்ச காலு நீட்டி நேரா இருந்துது, நல்லா இருந்துது. கலாமணி மட்கார்டுல இருந்து எறங்கினது அவளுக்கே தெரியாது. நாச்சிமுத்து அவளைப் பாத்ததும் மொதல்ல சந்தோசப்பட்டாரு, அப்பறம் அவருக்குக் கோவம் வந்துருச்சு. அவ மேல இல்லை.

"வா அம்மிணி, வந்து பாரு! கிட்ட வந்தப்பறந்தான் தெரிஞ்சுது. மண்ணுல சாச்சுப்போட்டேன், இல்லைன்னா இன்னொரு காலுக்கும் கம்பிதான். எந்த ஆகாவழியோ நாலு கல்லை வெச்சுப்போட்டு அவன் பாட்டுக்குப் போயிருக்கறான். நாலு கல்லு! வெக்கத் தெரியுது, எடுக்கத் தெரியலை. அந்தக் கை மட்டும் என்ற கையில கெடச்சுதுன்னா…"

மாகாளி டிராக்டர் மேல உக்காந்துட்டு வானத்தைப் பாத்தான். கலாமணி சும்மா இருந்தா போதும், யாரும் சொல்லப் போறதில்லை. வாயைத் தொறக்காம ஊட்டுக்குப் போயி, வென்னி வெச்சு ஒத்தடம் குடுத்து, அவரு வையறப்ப கூடச் சேந்து ரெண்டு வார்த்தை வஞ்சுட்டுப் போயரலாம். பன்னண்டு வருசம் வஞ்ச வாயிதானே.

"நாலில்லீங்க, அஞ்சு"ன்னா கலாமணி.

"என்ன அஞ்சு?"

"அஞ்சாவது கல்லு என்ற காருச் சக்கரத்துக்கு அண்டக் குடுத்திருக்குது. இது நாலையும் வெச்ச கை இதுதான்." வலது கையை நீட்டிக் காட்டுனா. உள்ளங்கை முச்சூடும் முள்ளுக் கீறலு.

நாச்சிமுத்து கையைப் பாத்தாரு. மூஞ்சியைப் பாத்தாரு. திரும்பக் கையைப் பாத்தாரு. பொரை எடுத்த கண்ணைச் சுருக்கிக்கிட்டு, அந்தக் கையைப் புடிச்சுப் பக்கத்துல இழுத்து, கட்டை வெரலுக்குக் கீழ முறிஞ்சு நின்ன ஒரு கருவேல முள்ளை நகத்துல நெம்பி எடுத்தாரு. அவ ஸ்ஸுன்னா. முள்ளை ஊதி உட்டாரு. அப்பறம் கேட்டாரு, "அந்த ஒரு கல்லை மட்டும் எதுக்கு எடுத்துட்டுப் போன?"

"ரோட்டுல கெடந்தா யாராச்சும் உழுந்து வெப்பாங்கன்னுதானுங்க."

மாகாளிக்குத்தான் மொதல்ல சிரிப்பு வந்துது, துண்டை வாயில வெச்சு அடக்கிப் பாத்தான், முடியலை. நாச்சிமுத்து சிரிக்கலை. கம்பி இருக்கற தொடையைத் தடவிக் குடுத்துட்டு, தாரு ரோட்டையே பாத்துட்டிருந்தவரு, கையை உடாமச் சொன்னாரு:

"அந்த லாரிக்காரனும் ஒண்ணு எடுத்துட்டுப் போயிருப்பான் போல."